எழுத்துக்கு ஒரு கட்டம்: ஜாவாவில் நமக்கென ஓர் இடைமுக உறுப்பு

கணினித் திரையில் நாம் அழுத்தும் பொத்தான், தட்டச்சு செய்யும் பெட்டி, மேலும் கீழும் உருட்டும் பட்டை ஆகிய அனைத்தும் யாரோ ஒரு நிரலர் எழுதி வைத்தவையே. மனிதனுக்கும் கணினிக்கும் இடையே நிற்கும் இந்தப் பகுதியைத் தமிழில் இடைமுகம் என்கிறோம். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் கணினி பயின்றபோது இதனை 'அந்தாரா மூக்கா' என்று படித்தோம். அந்தாரா என்றால் இடை. மூக்கா என்றால் முகம். இரு மொழிகளும் ஒரே பொருளைக் கொண்டே இச்சொல்லை அமைத்துக்கொண்டிருப்பது வியப்பூட்டுகிறது.

அந்த முகம் தமிழை அறிந்த முகமாக இருக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் காணவிருக்கும் கேள்வி. ஜாவா மொழியின் 'ஸ்விங்' என்னும் கருவித்தொகுப்பைக் கொண்டு, தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணத் தெரிந்த ஓர் உறுப்பை எப்படி உருவாக்குவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். நிரல் எழுதும்போது வகுப்புகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். இங்கே அவற்றை ஒலிப்புப்படி தமிழில் தந்துள்ளேன்.

ஆயத்த உறுப்புகளின் கணக்கு

'கோலாலம்பூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு முடித்த மாணவரைக் கேட்டால், கோ, லா, ல, ம், பூ, ர் என்று விரல்விட்டு எண்ணி ஆறு என்பார். ஜாவாவின் 'லெங்த்' என்ற செயற்கூற்றைக் கேட்டால் பதினொன்று என்று விடை வரும்.

கணினி தவறாக எண்ணவில்லை. அது வேறொன்றை எண்ணுகிறது. யூனிகோட் முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த இடங்களில் 247 எழுத்துகளும் தனித்தனியே அமரவில்லை. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், ஆய்தம், துணைக்குறிகள், புள்ளி ஆகியவை மட்டுமே அடிப்படையாக இடம்பெற்றுள்ளன. 'கோ' என்று எழுத, 'க' என்ற 2965ஆம் குறியீடும் அதன் பின்னால் ஓகாரத் துணைக்குறியின் 3019ஆம் குறியீடும் சேர்கின்றன. ஆகவே 'கோ' என்பது நினைவகத்தில் இரண்டு குறியீடு. திரையில் இரட்டைக்கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவம். நம் இலக்கணத்தில் ஓர் எழுத்து.

ஸ்விங்கில் எழுதுபெட்டிக்கான வகுப்பு 'ஜேடெக்ஸ்ட்ஃபீல்ட்'. 'பத்து எழுத்துக்குள் ஊரின் பெயரை எழுதுக' என்று ஒரு படிவம் அமைத்து, நீளத்தை 'லெங்த்' கொண்டு சோதித்தால், ஆறே எழுத்துள்ள கோலாலம்பூர் தள்ளுபடியாகிவிடும். அதே பெட்டியில் 'கோ' என்று எழுதிப் பின்னழிவு விசையைத் தட்டினால் 'க' எஞ்சி நிற்கும்; ஏனெனில் அது ஒரு குறியீட்டை மட்டுமே நீக்குகிறது.

ஆங்கிலத்தில் ஒரு விசை, ஒரு குறியீடு, ஓர் எழுத்து என்ற மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே அங்கு இவ்வேறுபாடு வெளியே தெரிவதில்லை. தமிழில் தெரிகிறது. எனவே தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு சொல்விளையாட்டையோ குறுக்கெழுத்துப் புதிரையோ கணினியில் அமைக்க முனைவோர் ஆயத்த உறுப்புகளோடு நின்றுவிட முடியாது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று காட்டும் உறுப்பை அவர்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்விங் ஏன் இதற்கு இடம் தருகிறது?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995ஆம் ஆண்டு ஜாவாவை அறிமுகப்படுத்தியபோது, அதனுடன் வந்த இடைமுகத் தொகுப்பு 'ஏடபிள்யூடி' ஆகும். இதில் பொத்தான் வேண்டும் என்று கேட்டால், ஜாவா தான் இயங்கும் இயங்குதளத்திடம் ஒரு பொத்தானை இரவல் வாங்கித் தரும். விண்டோசில் விண்டோஸ் பொத்தான், மெக்கின்டாஷில் மெக்கின்டாஷ் பொத்தான். இரவல் பொருளில் நாம் விரும்பிய மாற்றத்தைச் செய்வது கடினம்.

1998ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜாவா 1.2 பதிப்பில் ஸ்விங் அடிப்படைத் தொகுப்பின் பகுதியாயிற்று. ஸ்விங் சாளரத்தை மட்டும் இயங்குதளத்திடம் பெற்றுக்கொண்டு, அதற்குள் இருக்கும் பொத்தான், பட்டியல், அட்டவணை ஆகியவற்றைத் தானே வரைந்துகொள்கிறது. ஸ்விங்கின் பொத்தானும் ஜாவா நிரலால் வரையப்பட்ட ஓர் ஓவியமே. அதே தூரிகை நம் கைக்கும் எட்டும் என்பதுதான் இதன் சிறப்பு.

2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. இடையில் 'ஜாவாஎஃப்எக்ஸ்' என்ற புதிய தொகுப்பும் தோன்றியது. 2018இல் வந்த ஜாவா 11 முதல் அது தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டது. ஸ்விங் இன்றும் ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது. கூடுதலாக எதையும் நிறுவாமல் கற்றுக்கொள்ளலாம் என்பதால், தொடக்க நிலை மாணவர்களுக்கு அது இன்னும் ஏற்றதாகவே உள்ளது.

முதலில் எதைத் தேர்வு செய்வது?

சொந்த உறுப்பு என்றவுடன் அனைத்தையும் அடியிலிருந்து எழுத வேண்டும் என்பதில்லை. மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, இருக்கும் உறுப்பின் நிறம், எழுத்துரு, விளிம்பு போன்றவற்றை மாற்றிக்கொள்வது. இரண்டாவது, இருக்கும் உறுப்பின் வகுப்பை நீட்டித்து, அதன் நடத்தையில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது. மூன்றாவது, எல்லா ஸ்விங் உறுப்புகளுக்கும் தாயான 'ஜேகாம்பொனென்ட்' வகுப்பிலிருந்து புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பது.

முதல் இரண்டு வழிகளில் வேலை முடியுமானால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. நாம் அமைக்கவிருக்கும் எழுத்துக்கட்டத்திற்கோ தோற்றமும் புதிது, எண்ணும் முறையும் புதிது. ஆகையால் மூன்றாம் வழியையே மேற்கொள்கிறோம்.

எந்தச் சொந்த உறுப்பும் நான்கு கடமைகளை நிறைவேற்ற வேண்டும். தன் செய்தியை நினைவில் வைத்திருக்க வேண்டும். தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். தன்னை வரைந்து காட்ட வேண்டும். பயனர் செய்வதைக் கேட்டு நடக்க வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்கடமை: நினைவில் வைத்தல்

நம் உறுப்பு ஒரு சொல்லைச் சரமாக வைத்திருக்கும். அதனுடன் அச்சொல்லை எழுத்துகளாகப் பிரித்த பட்டியலையும் வைத்திருக்கும். பிரிக்கும் விதி எளியது. சரத்தில் உள்ள குறியீடுகளை இடமிருந்து வலமாகப் படித்துச் செல்ல வேண்டும். படிக்கும் குறியீடு துணைக்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்க வேண்டும்.

ஒரு குறியீடு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை 'கேரக்டர்' வகுப்பின் 'கெட்டைப்' செயற்கூறு சொல்லிவிடும். புள்ளியும் துணைக்குறிகளும் ஒட்டுக்குறி வகைகளில் அடங்குகின்றன. ஆய்தத்தின் நிலை சற்றுச் சுவையானது. யூனிகோட் அட்டவணையில் அதன் பெயர் ஒரு குறியின் பெயராகவே உள்ளது. வகையோ எழுத்து என்று கொடுக்கப்பட்டுள்ளது. அதனால் 'எஃகு' என்ற சொல் எ, ஃ, கு என்று மூன்றாகச் சரியாகவே பிரியும்.

கிரந்த எழுத்தான 'க்ஷ' மட்டும் தனிக்கவனம் கேட்கிறது. அது க, புள்ளி, ஷ என்ற மூன்று குறியீடுகளால் ஆனது. நம் விதிப்படி புள்ளியோடு 'க்' முடிந்து, 'ஷ' புதிய எழுத்தாகத் தொடங்கிவிடும். 'லக்ஷ்மி' என்ற பெயர் மூன்று கட்டத்துக்குப் பதிலாக நான்கு கட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'க்' என்பதை அடுத்து 'ஷ' வந்தால் இரண்டையும் சேர்க்க ஒரு சிறப்பு விதி எழுத வேண்டும். 'ஸ்ரீ' என்பதற்கும் அவ்வாறே.

ஜாவாவில் 'பிரேக்இட்டரேட்டர்' என்ற ஆயத்தப் பிரிப்பானும் உண்டு. 2023இல் வந்த ஜாவா 20 முதல் அது யூனிகோட் அமைப்பின் எழுத்துத்தொகுதி விதிகளைப் பின்பற்றுகிறது. அதைப் பயன்படுத்தினாலும் 'க்ஷ' இரண்டாகவே பிரியும். எப்படியும் இச்சிறப்பு விதி தேவைப்படுவதால், விதி முழுவதையும் நாமே எழுதிக்கொண்டால் எல்லாப் பதிப்புகளிலும் ஒரே விடை கிடைக்கும்.

பிரிப்பதற்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. 'கோ' என்பதன் ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பு, கால் என்ற இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் 'ஈக்குவல்ஸ்' கொண்டு ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு என்று ஜாவா கூறும். சரியான விடையை எழுதிய மாணவருக்குத் தவறு என்று காட்டினால் அவர் மனம் என்ன பாடுபடும்! 2006இல் வந்த ஜாவா 6 முதல் உள்ள 'நார்மலைசர்' என்ற வகுப்பு இவ்விரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். மாணவர் எழுதிய சொல், விடைப்பட்டியலில் உள்ள சொல் ஆகிய இரண்டையும் அதன் வழியே அனுப்பிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் கடமை: இடம் கேட்டல்

ஸ்விங்கில் உறுப்புகளைச் சாளரத்தில் அடுக்கும் பொறுப்பை 'லேஅவுட் மேனேஜர்' எனப்படும் அடுக்கமைப்பான் ஏற்கிறது. அது ஒவ்வோர் உறுப்பையும் 'உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது 'கெட்பிரிஃபர்டுசைஸ்' என்ற செயற்கூறு. புதிதாகப் பிறந்த உறுப்புக்குத் தன் அளவு தெரியாது. இதை நாம் எழுதாவிட்டால், சில அடுக்கமைப்புகளில் உறுப்பு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். நிரலில் பிழையே இல்லை, ஆனாலும் திரையில் ஒன்றுமில்லை என்று புதியவர்கள் திகைப்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

அளவை ஊகித்து எழுதக்கூடாது; எழுத்துருவைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். 'ஃபான்ட்மெட்ரிக்ஸ்' என்ற வகுப்பு எழுத்துகளின் அகலத்தையும் உயரத்தையும் சொல்லும். தமிழில் 'ர' ஒடுக்கமானது. 'ணௌ' மிக அகலமானது. 'ர' கொண்டு கட்டத்தை அளந்தால் 'ணௌ' பக்கத்துக் கட்டத்தில் ஏறி நிற்கும். ஆகவே அகலமான எழுத்தை அளந்து, இருபுறமும் சிறிது இடைவெளி சேர்த்து, அதனைக் கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அதுவே உறுப்பின் அகலம்.

மூன்றாம் கடமை: வரைதல்

வரையும் வேலை 'பெயிண்ட்காம்பொனென்ட்' என்ற செயற்கூற்றில் நடைபெறும். ஸ்விங் இதை அழைக்கும்போது 'கிராஃபிக்ஸ்' என்ற தூரிகையை நம் கையில் கொடுக்கும். ஆயங்களின் தொடக்கப்புள்ளி உறுப்பின் இடது மேல்மூலையாகும். கணிதப் பாடத்தில் பயின்றதற்கு மாறாக, இங்கே கீழே செல்லச் செல்ல மதிப்பு கூடும்.

முதலில் பின்னணியை நிரப்ப வேண்டும். 'ஜேகாம்பொனென்ட்' வகுப்பிலிருந்து நேரடியாகப் பிறந்த உறுப்புக்கு ஸ்விங் பின்னணி தீட்டித் தராது. நாமே வெள்ளை நிறத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்து 'டிராரெக்ட்' கொண்டு கட்டங்களை வரைய வேண்டும். அகலத்திலும் உயரத்திலும் ஒன்றைக் கழித்துக் கொடுப்பது அவசியம். இல்லாவிட்டால் கடைசிக் கட்டத்தின் வலக்கோடும், எல்லாக் கட்டங்களின் அடிக்கோடும் உறுப்பின் எல்லைக்கு வெளியே விழுந்து மறைந்துவிடும்.

பிறகு ஒவ்வோர் எழுத்தையும் அதன் கட்டத்தின் நடுவில் 'டிராஸ்டிரிங்' கொண்டு எழுத வேண்டும். இதற்குக் கொடுக்கும் உயர மதிப்பு எழுத்தின் உச்சியைக் குறிப்பதன்று. எழுத்து அமரும் அடிக்கோட்டைக் குறிப்பது. இரட்டைக்கோடு புத்தகத்தில் எழுதிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கட்டத்தின் உயரத்திலிருந்து எழுத்தின் மொத்த உயரத்தைக் கழித்து, இரண்டால் வகுத்து, அடிக்கோட்டுக்கு மேலுள்ள உயரத்தைக் கூட்டினால் சரியான இடம் கிடைக்கும்.

இங்கே மறக்கக்கூடாதது ஒன்று: எழுத்தை முழுச் சரமாகவே கொடுக்க வேண்டும். 'க' என்பதைத் தனியாகவும் ஓகாரக் குறியைத் தனியாகவும் வரைந்தால், குறிக்கு நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டு சேர்ப்பது எழுத்துருவை அடுக்கும் பொறியின் வேலை. 2017இல் வந்த ஜாவா 9 முதல் 'ஹார்ஃப்பஸ்' என்ற பொறி இப்பணியைச் செய்கிறது. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் உள்ளதா என்பதை 'கேன்டிஸ்பிளேஅப்டு' என்ற செயற்கூற்றால் முன்கூட்டியே சோதிக்கலாம்.

வரையும் செயற்கூற்றுக்குள் வரைவதைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்ளக்கூடாது. சாளரத்தை மூடித் திறக்கும்போதும் அளவை மாற்றும்போதும் ஸ்விங் இதை அடிக்கடி அழைக்கும். கோப்பைத் திறப்பது, விடையைச் சரிபார்ப்பது போன்றவற்றை இங்கே செய்தால் திரை திணறும்.

நான்காம் கடமை: கேட்டு நடத்தல்

பயனர் கட்டத்தைச் சொடுக்கியதும் உறுப்பு விசைப்பலகையின் கவனத்தைப் பெற வேண்டும். அதற்கு 'ரிக்வெஸ்ட்ஃபோகஸ்இன்விண்டோ' என்ற செயற்கூறு உதவும். பின்னர் விசைப்பலகையிலிருந்து குறியீடு ஒவ்வொன்றாக வரும்போது 'கீடைப்டு' என்ற நிகழ்வு அழைக்கப்படும். வந்தது 2944க்கும் 3071க்கும் இடைப்பட்ட குறியீடா என்று பார்த்து, சரத்தின் இறுதியில் சேர்த்து, மீண்டும் எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும்.

'மி' என்று தட்டும்போது முதலில் 'ம' வந்து ஒரு கட்டத்தில் அமரும். அடுத்து வரும் இகரக் குறி புதிய கட்டத்துக்குச் செல்லாமல் அதே கட்டத்தில் 'மி' என்று மாறும். நாம் எழுதிய பிரிக்கும் விதி ஒன்றே இதற்குப் போதும்.

பின்னழிவு விசைக்கு என்ன செய்வது என்பது நம் முடிவு. துணைக்குறியை மட்டும் நீக்கலாம். எழுத்து முழுவதையும் நீக்கலாம். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று பழகும் சிறு பிள்ளைகளுக்கு, ஒரு தட்டலில் ஒரு கட்டம் காலியாவதே இயல்பாகத் தோன்றும் என்பது என் கருத்து.

சொல் மாறியதும் 'ரீபெயிண்ட்' என்று அழைக்க வேண்டும். இது உடனே வரைவதில்லை. 'என்னை மீண்டும் வரைக' என்று ஸ்விங்கிடம் விண்ணப்பம் கொடுக்கிறது. ஒரே நேரத்தில் பல விண்ணப்பங்கள் வந்தால் ஸ்விங் அவற்றை ஒன்றாக்கி ஒரே முறை வரையும். 'பெயிண்ட்காம்பொனென்ட்' செயற்கூற்றை நாமே நேரடியாக அழைப்பது முறையாகாது. அத்துடன், ஸ்விங்கின் எல்லா உறுப்புகளும் ஒரே நிகழ்வு இழையில்தான் இயங்குகின்றன. வேறு இழையிலிருந்து சொல்லை மாற்ற வேண்டுமானால் 'இன்வோக்லேட்டர்' வழியாகவே செய்ய வேண்டும்.

நாமே வரைந்த உறுப்பு, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கு வெறும் ஓவியம்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. 'கெட்ஆக்சஸிபிள்கான்டெக்ஸ்ட்' என்ற செயற்கூற்றின் வழி உறுப்பின் பெயரையும் அதிலுள்ள சொல்லையும் நாம் தெரிவிக்க வேண்டும். ஆயத்த உறுப்புகள் இதைத் தாமாகவே செய்கின்றன. சொந்தமாக உருவாக்கும்போது அப்பொறுப்பும் நம்முடையதாகிறது.

கட்டம் கற்றுத்தரும் பாடம்

இவ்வளவு பாடுபட்டு உருவாக்கும் உறுப்பால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 'கௌரி' என்ற பெயரைப் பலர் கெ, ள, ரி என்று மூன்று எழுத்துகளாகத் தட்டச்சு செய்கிறார்கள். ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதே காரணம். சாதாரண எழுதுபெட்டியில் இத்தவற்றைக் கண்டறிவது அரிது. தேடுபொறியில் தேடினாலோ அகரவரிசைப்படி அடுக்கினாலோ அப்பெயர் வேறிடத்துக்குப் போய்விடும்.

எழுத்துக்கட்டத்தில் அதே தவற்றைச் செய்து பாருங்கள். 'கௌரி' இரண்டு கட்டங்களில் அடங்க வேண்டும். தவறாகத் தட்டினால் 'கெ' ஒரு கட்டத்திலும் 'ள' அடுத்த கட்டத்திலும் 'ரி' மூன்றாம் கட்டத்திலும் போய் அமரும். ஆசிரியர் சொல்லாமலே மாணவர் கண்டுகொள்வார். தமிழ்ப்பள்ளியில் கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகம் செய்த வேலையைக் கணினித் திரை செய்யத் தொடங்குகிறது.

தமிழைக் கணினிக்குக் கொண்டுவரும் முயற்சியில் நம் வட்டாரத்துக்கும் நல்ல பங்குண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் உலகத் தமிழர் பலரைத் தமிழில் தட்டச்சு செய்யவைத்தது. உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உருவானது. அடுத்த ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழை எழுதவும் படிக்கவும் முன்னோர் வழி அமைத்துவிட்டனர். கணினி அதனைச் சரியாக எண்ணவும் பிரிக்கவும் ஒப்பிடவும் வழி செய்வது நம் தலைமுறையின் பணி.

இங்கே கண்ட நான்கு கடமைகள் ஸ்விங்கோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிச் செயலியில் சொந்த உறுப்பு அமைப்போர் 'ஆன்மெஷர்' செயற்கூற்றில் அளவைச் சொல்லி, 'ஆன்டிரா' செயற்கூற்றில் வரைகிறார்கள். பெயர்கள் மாறினாலும் முறை ஒன்றே. எழுத்துகளைப் பிரிக்கும் விதியையோ எந்த மொழியிலும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

கணினித்துறையில் பயிலும் நண்பர்களே, அடுத்த முறை பயிற்சிக்காக ஒரு சொந்த உறுப்பை உருவாக்கச் சொன்னால், வட்டக் கடிகாரத்தையோ வண்ணப் பொத்தானையோ செய்வதற்குப் பதிலாக இந்த எழுத்துக்கட்டத்தைச் செய்து பாருங்கள். கோலாலம்பூர், எஃகு, லக்ஷ்மி, கௌரி ஆகிய நான்கு சொற்களை அதில் தட்டச்சு செய்யுங்கள். ஆறு, மூன்று, மூன்று, இரண்டு என்று கட்டங்கள் நிறைந்தால், உங்கள் கணினி தமிழை எண்ணக் கற்றுக்கொண்டது என்று பொருள். பின்னர் அதனை அருகிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள். அதன் பயனைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.